எருக்கலையும் ஒரு நீல வண்ணத்துப்பூச்சியும்

அக்காவின் மகன் நோயுற்றிருந்த ஏறக்குறைய மூன்று வருடங்களில், அவனைப் பார்க்க வந்தவர்களில் குறைந்தது ஐந்து பேராவது எங்களுக்கு ஒரே கதையைச் சொல்லியிருப்பார்கள். மொன்றியாலில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கதை எப்படியோ தெரிந்திருக்கிறது. மூளையில் புற்றுநோய் கண்டு, இனிப் பிழைக்கமாட்டான் என்று சொல்லப்பட்ட ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், நீல மோர்போ வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பிடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான். இந்த நகரத்துப் பூச்சியியலாளர் ஒருவர் அவனை மெக்சிக்கோவின் காட்டுக்கு அழைத்துச் சென்றார். தேடிப்போனது கிடைத்தது; ஊர் திரும்பிய பிள்ளையின் நோயும் தணிந்து போயிற்று. சொல்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி அக்காவின் முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா தேநீர் ஊற்ற எழுந்து போவாள்.

கதை பொய்யில்லை. 1987 ஆம் ஆண்டு நடந்தது. அழைத்துச் சென்றவர் ஜோர்ஜ் புறோசார். 1940 இல் கியூபெக்கில் பிறந்து, நொத்தாரிசாகத் தொழில் செய்து, நாற்பது வயதை எட்டும் முன்னரே போதுமென்று அந்தத் தொழிலை விட்டுவிட்டு, சிறுவயதில் தன்னைப் பிடித்திருந்த பூச்சிப் பித்துக்குத் திரும்பியவர் அவர். வலையும் பெட்டியுமாக உலகைச் சுற்றி அவர் சேர்த்த பூச்சிகளும், அவற்றைப் பூட்டிவைக்காமல் ஊருக்குக் காட்டவேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதமும் சேர்ந்துதான் 1990 மாசி மாதத்தில் மொன்றியால் தாவரவியல் பூங்காவின் வளாகத்தில் பூச்சிக் காட்சியகமாகத் திறந்தன. 2019 இல் காலமானார். அந்தச் சிறுவன் பிழைத்து வளர்ந்து ஆளானான். அவர் பொது வாழ்வுக்கு வந்தவர் அல்லர் என்பதால் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். கதையைச் சொன்னவர்கள் யாருக்கும் அவருடைய பெயர் தேவைப்பட்டதும் இல்லை.

2004 இல் அது ஒரு திரைப்படமாகவும் வந்தது. படத்தில் சிறுவனுக்குப் பத்து வயது; காடு கோஸ்டாரிக்காவில் இருக்கிறது. நானும் பார்த்தேன். பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒரு வளர்ந்த மனிதர் மூச்சிரைக்க மரங்களுக்கிடையே நடக்கும் காட்சிகளில் கண் கலங்கியது உண்மைதான். ஆனால் அக்காவோடு இருந்து அதைப் பார்க்க ஒருநாளும் துணிந்ததில்லை.

எனக்குப் புறோசார்மீது ஒரு குறையும் இல்லை. அவர் செய்ததைப் போல் ஒரு பிள்ளைக்கு யார் செய்தாலும் நல்லதே. என் குறை அந்தக் கதை சொல்லப்படும் விதத்தின்மீது. ஆசை நிறைவேறியது, ஆகவே நோய் போனது என்று அடுத்தடுத்து வைத்துச் சொல்லும்போது, நடுவில் ஒரு கணக்கு ஒளிந்துகொள்கிறது. அந்தக் கணக்கை மறுபக்கமாகப் போட்டுப் பார்ப்பதற்குப் பெற்றோருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என் பிள்ளையின் ஆசையை நான் இன்னும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லையோ, கண்டுபிடித்தும் செலவையும் வேலையையும் பார்த்துத் தள்ளிப்போட்டேனோ, நானும் எங்காவது ஒரு காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்ன நடந்திருக்குமோ என்று இரவு இரண்டு மணிக்கு அக்கா என்னிடம் கேட்டிருக்கிறாள். வைத்தியசாலையின் நாற்காலியிற் படுத்தபடி, பிள்ளையை எழுப்பிவிடாத குரலில் கேட்டாள்.

அவனுக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் வகை. 1960களின் தொடக்கம்வரை அந்த நோய் கண்ட பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். இன்று கனடா போன்ற நாடுகளில் நூறில் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள். அந்த மாற்றத்தை எந்தக் காட்டு விலங்கும் பறவையும் கொண்டுவரவில்லை. ஒன்றோடொன்று சேர்த்து, அளவு கூட்டிக் குறைத்து, நாற்பது ஐம்பது வருடங்களாகப் பிள்ளைகளின் உடம்பிலேயே பரிசோதித்துத் தேறிய மருந்துகள்தான் கொண்டுவந்தன. 2013 தை மாதம், அவனுக்கு நாலரை வயதாக இருந்தபோது, முதல் நாளிலேயே வைத்தியர் அந்தத் தொண்ணூறைச் சொன்னார். நாங்கள் தொண்ணூறைப் பிடித்துக்கொண்டோம். மீதிப் பத்தைப் பற்றி அன்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றே அழைத்தோம். தம்பிக்கும் ஒரு கனவு இருந்தது. பிள்ளைகளின் ‘வாழ்நாள் கனவு’ என்று எழுதுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் வாழ்நாளில் நினைவு தெரிந்த பகுதி இரண்டு வருடந்தான் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் அவன் விரும்பியது மொனாக் வண்ணத்துப்பூச்சியை. சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் ஒரு தாதி கொடுத்த பழைய சஞ்சிகையில், இலை தெரியாமல் செம்மஞ்சள் நிறத்தில் மூடிக்கிடந்த ஒரு மரத்தின் படம் இருந்தது. இலையென்று நினைத்தவை எல்லாம் வண்ணத்துப்பூச்சிகள் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த மரத்துக்குக் கீழே போய் நிற்கவேண்டும் என்பது அவனுடைய ஒரே பேச்சாக இருந்தது. மரம் இருப்பது மெக்சிக்கோவில், மிச்சோவாக்கான் மாநிலத்து மலைகளில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 மீற்றர் உயரத்தில்.

நோயுற்ற பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றித் தரும் அமைப்புகள் இங்கே இருக்கின்றன. அந்த வழக்கம் பெரிதாகப் பரவியதற்கு 1980 இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த ஒரு சம்பவம் காரணம். இரத்தப் புற்றுநோய் கண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பொலிஸ்காரனாக வேண்டும் என்று ஆசைப்பட, அந்த மாநிலத்துப் பொலிஸார் அவனுக்கு அளவெடுத்துச் சீருடை தைத்து, ஹெலிகொப்டரில் ஏற்றி, ஒரு நாள் அவனைத் தங்களில் ஒருவனாக்கினார்கள். சில நாட்களில் அவன் இறந்துபோனான். சீருடையோடு புதைத்தார்கள். அந்தக் கதையை எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் சொல்லவில்லை. எனக்கோ, நீல வண்ணத்துப்பூச்சிக் கதையைவிட அதுவே நேர்மையான கதையாகப் படுகிறது. அந்தப் பிள்ளைக்குச் சீருடை எதையும் குணமாக்கவில்லை. அது அளவாக இருந்தது, அவ்வளவுதான்.

தம்பியிடமும் அப்படி ஓர் அமைப்பிலிருந்து இருவர் வந்து கேட்டார்கள். அன்பான மனிதர்கள், தரையில் அவனுக்கு எதிரே சப்பாணிகட்டி உட்கார்ந்து பேசினார்கள். அவன் சஞ்சிகைப் படத்தை எடுத்துக் காட்டினான். வைத்தியர்கள் சம்மதிக்கவில்லை. அந்த உயரத்தில் காற்று மெல்லியது. பெரிய வைத்தியசாலைக்கு மணிக்கணக்கில் பயணம் செய்யவேண்டும். மார்புத் தோலுக்கடியில் மருந்து ஏற்றுவதற்காகப் பதித்த போர்ட்டோடும், எந்த நேரமும் விழக்கூடிய வெள்ளணுக்களோடும் ஒரு பிள்ளையை அங்கே அனுப்ப முடியாது என்றார்கள். எங்களுக்கும் அது விளங்கியது. அதற்குப் பதிலாகக் கேளிக்கைப் பூங்காவொன்றுக்குக் குடும்பமாகப் போகலாமே என்று கேட்டபோது, அவன் மரியாதையாக வேண்டாமென்றான். எலி வேடம் போட்ட ஒருவரைப் பார்க்க ஏன் விமானத்தில் போகவேண்டும் என்று பிறகு என்னிடம் கேட்டான். கடைசியில் ஒரு நல்ல உருப்பெருக்கி வாங்கித் தந்தார்கள். அதற்கு அவன் அளவில்லாமல் மகிழ்ந்தான்.

இந்த இடத்தில் நீல வண்ணத்துப்பூச்சி மறுபடியும் வீட்டுக்குள் வந்தது. கதை சொன்ன ஐவரில் ஒரு மாமி, அடுத்த முறை வரும்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் பதப்படுத்திய உண்மையான மோர்போ ஒன்றை வாங்கி வந்தார். பிள்ளையின் கட்டிலுக்கு மேலே மாட்டுங்கள், நல்லது நடக்கும் என்றார். அக்கா மாட்டினாள். தம்பி இரண்டு நாள் அதைக் கீழிருந்து பார்த்தான். மூன்றாம் நாள் கழற்றித் தரச்சொல்லி, சட்டத்தைப் பிரித்து, உருப்பெருக்கியை வைத்தான்.

மோர்போவின் சிறகில் நீலச் சாயமே இல்லை என்பதை நான் அவனோடு சேர்ந்துதான் படித்தேன். சிறகை மூடியிருக்கும் செதில்களின்மேல் வரிவரியாக நுண்ணிய அடுக்குகள் உள்ளன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீலம் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறுகிறது. மற்ற நிறங்கள் மங்கிவிடுகின்றன. நிறம் பொருளில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. அடுக்குகளுக்கு இடையிலுள்ள காற்றின் இடத்தை வேறு ஏதாவது நிரப்பினால் நிறம் மாறவேண்டும். குழாய் துடைப்பதற்கென்று வீட்டில் பெட்டி பெட்டியாக இருந்த மதுசாரத் துண்டுகளில் ஒன்றை எடுத்துச் சிறகின் ஓரத்தில் அவன் மெல்ல ஒற்றினான். நீலம் பச்சையாயிற்று. அக்கா ஐயோ என்றாள். மதுசாரம் ஆவியாகி முடிவதற்குள் பச்சை கரைந்து, பழைய நீலம் திரும்பி வந்தது. அன்று வந்த ஒவ்வொருவருக்கும் அதைச் செய்து காட்டினான். மாலைக்குள் அந்த ஓரத்தில் செதில்கள் உதிர்ந்து சிறகு கண்ணாடிபோல் ஆகிவிட்டது. நல்லது நடப்பதற்காக மாட்டிய பொருள் அப்படித்தான் முடிந்தது. மாமியிடம் நாங்கள் சொல்லவில்லை.

மோர்போவைப் பற்றி அவன் கண்டுபிடித்த இன்னொன்று, அது சிறகை மூடினால் வெறும் மண்ணிறம் என்பது. அடிப்பக்கத்தில் கண்களைப் போன்ற வட்டங்கள் இருக்கும். பறக்கும்போது நீலமும் மண்ணிறமும் மாறிமாறித் தெரிவதால், துரத்துகிற பறவைக்கு அது தோன்றித் தோன்றி மறைவது போலிருக்கும். பூவை நாடாமல் அழுகிய பழத்தை உறிஞ்சும். முட்டையிலிருந்து சாவுவரை அதன் ஆயுள் ஏறக்குறைய 115 நாட்கள். இதையெல்லாம் அவன் சொன்னபோது, 1987 இல் அந்தச் சிறுவன் எதைத் தேடிப் போனான் என்பது எனக்கு முதல்தடவையாக விளங்கியது. குணமாவதற்காக அவன் போயிருக்கமாட்டான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு யோசனை வராது. அது பெரியவர்களின் யோசனை. தோன்றி மறைகிற ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டான். பூச்சிப் பித்துக்கொண்ட வேறொருவருக்கு, அந்தப் பித்தின் காரணமாகவே, அது உடனே விளங்கியிருக்கும். நோயாளியோடு வந்த துணை என்பதைவிட, சக வேட்டைக்காரர் ஒருவர் அவனுக்குக் கிடைத்தார் என்றே நான் நினைக்க விரும்புகிறேன்.

எங்களுக்கு வேட்டைக்காரர் கிடைக்கவில்லை; எருக்கலை கிடைத்தது. மொனாக்கின் புழு, பால் வடியும் ஒருவகைச் செடியின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. கியூபெக்கில் தெருவோரத்திலும் புகையிரதப் பாதையோரத்திலும் அது தானாக முளைக்கிறது. 2014 ஆனி மாதத்தில் அக்காவின் வீட்டுப் பின்வளவில், வேலிக்குப் பக்கத்தில், அப்படி நான்கைந்து தண்டுகள் எழுந்து நின்றன. அம்மா அதில் ஓர் இலையைக் கிள்ளி, வெள்ளைப் பால் விரலில் வழிவதைப் பார்த்துவிட்டு, இது எங்கட எருக்கலையெல்லோ என்றார். அம்மா சொன்னதில் பிழையில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். யாழ்ப்பாணத்தில் எருக்கலையைத் தின்று வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் மொனாக்கின் நெருங்கிய உறவுதான், ஒரே பேரினம். அம்மாவுக்கு அந்த உறவுமுறையில் அக்கறை இல்லை. சுகமில்லாத பிள்ளை இருக்கிற வீட்டில எருக்கலையை முளைக்க விடுறதோ, இண்டைக்கே பிடுங்கி எறி என்று அக்காவிடம் சொன்னார். எருக்கு முளைத்த வீடு என்றால் பாழ்பட்ட வீடு என்று பொருள். ஊரில் சபிக்கும்போது சொல்லும் வார்த்தை அது. அக்காவும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள்.

போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். இலையின் அடியில், குண்டூசித் தலையளவில், வெளிர்மஞ்சளாக ஒரு முட்டை இருந்தது. தம்பி அதை ஏற்கெனவே கண்டுவைத்திருந்தான்; யாரும் மிதிக்காமலிருக்கச் செடியைச் சுற்றிக் கற்களும் அடுக்கியிருந்தான். அம்மா இரண்டு நாட்கள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு, அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மாதான்.

அந்தக் கோடையில் நாலைந்து முட்டைகளைப் பார்த்தோம். பெரும்பாலானவற்றை எறும்பும் சிலந்தியும் கொண்டுபோயின. ஆவணியில் வந்த கடைசிப் புழுவை மட்டும் ஒரு வலைப்பெட்டிக்குள் வைத்துப் பல்கனியில் வளர்த்தோம். வீட்டில் ஒரே ஒரு கொப்பிதான் எல்லாவற்றுக்கும். அதன் முன்பக்கத்திலிருந்து அக்கா எழுதிவந்தாள்: காய்ச்சல் அளவு, காலை மாலைக் குளிசைகள், கிழமைக்கொரு தடவை எடுக்கும் இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. பின்பக்கத்திலிருந்து தம்பி எழுதிவந்தான்: புழுவின் நீளம், அன்று தின்ற இலைகள், தோல் உரித்த நாட்கள். மொனாக்கின் புழு ஐந்து பருவங்களைக் கடந்து, இரண்டு கிழமைக்குள் பிறந்த எடையைப்போல் ஏறக்குறைய 2,000 மடங்காகிறது. அக்காவின் பக்கத்தில் அந்தக் கிழமைகளில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

நோயெதிர்க்கும் வெள்ளணுக்கள் 500க்குக் கீழே போனால் என்ன செய்யவேண்டும் என்று அச்சடித்த தாளொன்று குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்தது. மண்ணைத் தொடக்கூடாது, பூச்சாடி வீட்டுக்குள் வரக்கூடாது, உதிர்ந்த இலைக்கும் ஈரமான குப்பைக்கும் கிட்டப் போகக்கூடாது, காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் விடியட்டும் என்று பார்க்காமல் அப்போதே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். புழு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாக மாறிய அன்றுதான் எண்ணிக்கை 320 என்று தொலைபேசி வந்தது. பதினொரு நாட்கள் அவன் பல்கனிக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தான். கூடு அந்தப் பக்கம் இருந்தது. இளம்பச்சையில், மேல் விளிம்பைச் சுற்றிப் பொன்னால் புள்ளி வைத்தது போன்ற கூடு. அந்தப் பொன்னும் சாயமில்லை, அதுவும் அமைப்புத்தான் என்று அவன் கண்ணாடியில் மூச்சுப்பட்டு மங்கும்வரை முகத்தை வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னான்.

அந்த நாட்களில் நான் அவனுக்கு வாசித்தது ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் பிரெட் உர்கார்ட்டைப் பற்றி. மொனாக்குகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்ற கேள்வி அவரைச் சிறுவயதிலேயே பிடித்துக்கொண்டது. அவரும் மனைவி நோராவும் பல்லாண்டுகள் சிறகுகளில் சிறு வில்லைகளை ஒட்டி ஒட்டிப் பறக்கவிட்டார்கள். 1975 தை மாதத்தில் அவர்களுக்காக மெக்சிக்கோவில் தேடித்திரிந்த கென் புறுகரும் கதலீனா அகுவாடோவும் அந்த மரங்களைக் கண்டார்கள். மலையில் வாழ்ந்தவர்களுக்கு அவை எங்கே இருக்கின்றன என்பது எப்போதும் தெரிந்தே இருந்தது என்பது வேறு விடயம். மறுவருடம் உர்கார்ட் தானே மலையேறிப் போனார். அறுபதைக் கடந்துவிட்டவர், அந்த உயரத்தில் இதயம் தாங்குமோ என்று அஞ்சிக்கொண்டே ஏறினார். களைத்து உட்கார்ந்தபோது, வண்ணத்துப்பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து பக்கத்தில் விழுந்தது. அந்தக் குவியலில் ஒன்றின் சிறகில் வில்லை இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும் ஒட்டி அனுப்பிய வில்லை. தம்பி இந்த இடத்தை மட்டும் ஐந்தாறு தடவை திரும்ப வாசிக்கச் சொன்னான். அவனுக்கு உர்கார்ட் முக்கியமில்லை. மினசோட்டாவை விட்டு நகராமல் மெக்சிக்கோவுக்கு ஒன்றை அனுப்பிய மாணவர்கள்தான் முக்கியம்.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 1992 முதல் இத்தகைய வில்லைகளை விநியோகிக்கிறார்கள். சிறுவிரல் நகத்தைவிடச் சிறிய வட்டம். அதில் எழுத்தும் இலக்கமும் இருக்கும். பின்சிறகின் அடிப்பக்கத்தில், நரம்புகள் சூழ்ந்த பெரிய கட்டத்தின் நடுவில் ஒட்டவேண்டும். புரட்டாதி முதற்கிழமையில் கூடு கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே செம்மஞ்சள் தெரியத் தொடங்கியது. அன்று காலை எண்ணிக்கை 900. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டால் வெளியே வரலாம் என்று தாதி தொலைபேசியில் சொன்னபோது, அக்கா நன்றி சொல்லவும் மறந்து கதவைத் திறந்தாள்.

ஆண் வண்ணத்துப்பூச்சி. பின்சிறகில் இருக்கும் இரண்டு கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து அவனே சொன்னான். சிறகு உலர்ந்து விறைப்பேற நாலைந்து மணிநேரம் காத்திருந்தோம். நான் சிறகுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அவன் கையுறை விரலில் வில்லையை ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான். சிறிது கோணலாகத்தான் இருந்தது. பிடியை விட்டதும் அது அவன் சட்டையின்மேல் ஏறி, போர்ட் பதித்திருந்த மேட்டுக்குப் பக்கத்தில் சற்று நேரம் இருந்தது. அக்கா படம் எடுக்கக் கைபேசியைத் தேடுவதற்குள் பறந்துவிட்டது. அரைக் கிராம் எடை. முன்னே ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். கோடையில் பிறக்கும் மொனாக்குகள் சில கிழமைகளே வாழ்கின்றன. இலையுதிர்காலத்தில் பிறப்பவை மட்டும் எட்டு மாதம்வரை உயிர்வாழ்ந்து, ஒருநாளும் பார்த்திராத அந்த மரங்களுக்குப் போய்ச் சேருகின்றன. கொப்பியின் பின்பக்கத்தில் அன்றைய திகதிக்கு எதிரே, போய்விட்டது என்று ஒரே சொல்லில் எழுதினான்.

அவை கார்த்திகை மாதத் தொடக்கத்தில் மலையை அடையும்போது, அந்தப் பகுதி மக்கள் இறந்தவர்களின் நாளைக் கொண்டாடுகிறார்கள். வரும் வண்ணத்துப்பூச்சிகள் இறந்தவர்களின் ஆன்மாக்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நாம் காகத்துக்குச் சோறு வைப்பதைப்போல. இதைத் தம்பிக்கு வாசித்துக்காட்டுவதா என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவனாகவே அதை எங்கோ படித்துவிட்டு, அப்படியென்றால் எங்கட பூச்சியில யார் போயிருப்பினம் என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா சிறிது யோசித்து, ஷெல் அடியில் செத்துப்போன தன் தமையனின் பெயரைச் சொன்னார். அவர் எருக்கலைப் பாலால் காலில் தைத்த முள்ளெடுப்பாராம்.

அந்த மார்கழியில் நோய் திரும்பி வந்தது. அதற்குப் பிந்திய பதினொரு மாதங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. 2015 கார்த்திகையில் முடிந்தது. வில்லையைக் கண்டதாக எங்களுக்கு ஒருநாளும் செய்தி வரவில்லை. ஒட்டப்படும் வில்லைகளில் மிகப் பெரும்பாலானவை திரும்பக் கிடைப்பதில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. நீல வண்ணத்துப்பூச்சிக் கதையும் அதன்பிறகு ஒருவராலும் எங்கள் வீட்டில் சொல்லப்படவில்லை.

பூச்சிக் காட்சியகத்தை 2019 இல் மூடிப் புதிதாகக் கட்டி, 2022 சித்திரையில் மீண்டும் திறந்தார்கள். சில மாதங்கள் கழித்து அக்காவே கேட்டாள், போய்ப் பார்ப்போமா என்று. ஒரு கூரைமாடத்தின் கீழே பதப்படுத்திய பூச்சிகளை நிற வரிசையில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். நீல வரிசையின் முன்னால் அக்கா நெடுநேரம் நின்றாள். பக்கத்தில் ஒரு தகப்பன் தன் மகளுக்குப் பிரெஞ்சில், இந்த இடத்தைத் தொடங்கியவர் நோயுற்ற பிள்ளை ஒன்றைக் காட்டுக்குக் கூட்டிப் போனவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரிந்த முடிவை அவர் சொல்வதற்குள், அந்தச் சிறுமி, பிடித்தார்களா என்று கேட்டாள். பிடித்தார்கள் என்றார். அவளுக்கு அது போதுமாயிருந்தது. அடுத்த வரிசைக்கு ஓடிவிட்டாள். அக்கா என் பக்கம் திரும்பி, அதில மதுசாரம் பட்டால் பச்சையாகும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம் என்றாள்.

பின்வளவுச் செடிகள் வேலியோரம் முழுவதும் பரவிவிட்டன. அம்மா இப்போது இல்லை. அக்கா அதே கொப்பியைத்தான் வைத்திருக்கிறாள், பின்பக்கத்திலிருந்து எழுதுகிறாள். நேற்று மாலை தொலைபேசியில், எருக்கலை இந்த வருடம் நாற்பத்தொரு தண்டு என்றாள். முட்டை இன்னும் காணவில்லை, ஆனால் ஆனி மாதம் முடியவில்லையே என்றாள்.